பெரியப்பாவின் படகும் மூன்று கொட்டேஷன்களும்

போன மாதம் ஒரு நாள் காலையில் என் பெரியப்பாவின் பேரன் போன் செய்தான். பிரான்ஸில் பிறந்து வளர்ந்தவன். இப்போது வேலை நிமித்தமாக அமெரிக்காவில், லூசியானா மாநிலத்தில் இருக்கிறான்.

"சித்தப்பா, வாத்து வேட்டைக்குப் படகு வாங்கப் போறேன். எத்தனை ஷெவோ மோட்டார் போடலாம்?"

ஷெவோ என்றால் பிரெஞ்சில் குதிரைகள். குதிரைத்திறனைக் கேட்கிறான். அங்கே லைசென்ஸ் வாங்கி, அதற்கென்று குறித்த பருவத்தில், கணக்கு வைத்துச் சுடலாம். இங்கே 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நமக்கு அந்தப் பேச்சே இல்லை.

"என்னை ஏன்டா கேட்கிறே? நான் ஃபைல் தள்ளினவன்."

"தாத்தாவோட ஊசுட்டேரிக்குப் போனது நீங்கதானே? அவர் எமகாதக வேட்டைக்காரர்னு அப்பா சொல்வார்."

எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. அறுபது வருடத்துக்கு மேலாக நான் யாரிடமும் சொல்லாத விஷயம் அந்த ஏரியில்தான் இருக்கிறது.

மூன்று படகுகளின் விவரங்களை அனுப்பினான். ஆயுள் முழுக்க கொட்டேஷன் பார்த்தவன் அல்லவா? சிறுசேரி வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து, பழைய வழக்கப்படி கோடு போட்டு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். நான்கு நாள் படித்துப் புரிந்துகொண்டது இதுதான்.

சாதாரண அவுட்போர்டு மோட்டாரின் விசிறி படகின் அடிக்கும் கீழே தொங்கும். என்ஜினைக் குளிர வைக்க ஏரித் தண்ணீரையே உறிஞ்சும். ஆழம் குறைந்த இடத்தில் சேறும் பாசியும் உள்ளே போய் அடைத்துக்கொண்டால் சூடேறி நின்றுவிடும். அடுத்த வகை, நம் கோவளத்து மீனவர்களின் ஃபைபர் படகுகளில் பார்த்திருப்பீர்களே, நீளத் தண்டும் அதன் நுனியில் விசிறியும் கொண்ட என்ஜின், அந்த மாதிரி. காற்றிலேயே குளிரும். கைப்பிடியை அழுத்தினால் விசிறி மேலே வந்துவிடும். பாசியை உதறிவிட்டுப் போகலாம். ஆனால் இரைச்சல் அதிகம், வேகம் குறைவு, திருப்புவதற்குத் தோளில் வலு வேண்டும். மூன்றாவது வகையில் தண்டு குட்டை, வேகம் கூடுதல், எடையும் விலையும் கூடுதல். அந்த எடை முழுவதும் படகின் பின்பலகையில் உட்காரும்.

பையன் மனம் மூன்றாவதில் இருந்தது. அதையும் பதினான்கு அடி நீளமுள்ள, அகலம் குறைந்த ஒரு படகில் மாட்ட நினைத்திருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு 1961 டிசம்பர் ஞாபகம் வந்தது.

எனக்கு அப்போது பதினோரு வயது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா இந்தோசீனாவில் சண்டை போட்டுவிட்டு பென்ஷனோடு திரும்பிய சொல்தா. நகருக்கு மேற்கே உள்ள ஊசுட்டேரிக்குக் குளிர்காலத்தில் ஊசிவால் வாத்தும் கிளுவையும் கூட்டமாக வந்து இறங்கும். ஏரிக்கரை மீனவர் ஒருவரின் தோணியை வாடகைக்கு எடுப்பார். மூங்கில் கழியை ஊன்றி அந்த மீனவர் தள்ளிக்கொண்டு போவார். அந்த வருடம் பெரியப்பா எங்கிருந்தோ பழைய அவுட்போர்டு மோட்டார் ஒன்றை வாங்கி வந்து தோணியின் பின்னால் மாட்டினார்.

"இது கடலுக்குச் சரி ஐயா, இங்க வேணாம்," என்றார் மீனவர். பெரியப்பா சிரித்தார்.

ஒரு வாத்து அடிபட்டு விழுந்து, கோரைக்குள் புகுந்துவிட்டது. பெரியப்பா மோட்டாரை முடுக்கினார். விசிறியில் வேலம்பாசி சுற்றிக்கொண்டது. அதை எடுக்க எழுந்து பின்பக்கம் குனிந்தார். ஏற்கெனவே மோட்டாரின் பாரத்தில் பின்பலகை தண்ணீருக்கு நாலு விரல் மேலேதான் இருந்தது. தண்ணீர் உள்ளே ஏற, தோணி அப்படியே சாய்ந்தது.

பெரியவர்களுக்கு மார்பளவுத் தண்ணீர்தான். ஆனால் சேறு முழங்கால் வரை இழுத்துக்கொண்டது. எனக்குத் தலைக்கு மேல் தண்ணீர். மீனவர் கழியைக் குறுக்கே போட்டு, அதில் என்னைத் தொங்கவிட்டு, கவிழ்ந்த தோணியின் அடிப்பக்கத்தில் ஏற்றினார். அவர் இல்லை என்றால் இதை எழுத நான் இல்லை.

கரையில் ஈரத்துணியைப் பிழிந்தபடி அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தண்ணியப் பாத்துட்டுப் படகு எடுக்கணும் ஐயா. படகப் பாத்துட்டுத் தண்ணிக்குப் போகக் கூடாது."

திரும்பும் வழியில் பெரியப்பா, "அப்பாகிட்ட சொல்லாதே," என்றார். சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் ஏரிக்குப் போகவே இல்லை. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டு பிரான்ஸ் போய்விட்டார். அங்கே அவர் பிள்ளைகளுக்குக் கிடைத்தது வேட்டைக் கதை மட்டும்தான்.

மறுபடி போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் வெகு நேரம் சத்தமில்லை. நான் ஒரு பெரிய மனிதரின் பெயரைக் கெடுத்துவிட்டேனோ என்றிருந்தது.

"அங்கே சின்னப் படகுகளில் ஒரு தகடு இருக்குமாமே," என்றேன். "எத்தனை பேர், எவ்வளவு எடை, அதிகபட்சம் எத்தனை குதிரை என்று அதில் போட்டிருக்கும். முதலில் அதைப் படி. ஆள், துப்பாக்கி, பொம்மை வாத்து, பெட்ரோல், ஈரமான நாய் எல்லாவற்றையும் கூட்டு. அதற்குப் பிறகு குதிரையை எண்ணு. அடி தட்டையாக, அகலமாக இருக்கட்டும். பின்பலகை உயரமாக இருக்கட்டும். மோட்டார் நின்றால் திரும்பி வர ஒரு கழி வைத்துக்கொள். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதே."

"அப்பாகிட்ட சொல்லலாமா, சித்தப்பா?"

"சொல்லு. அந்த மீனவரையும் சேர்த்துச் சொல்லு," என்றேன். அவர் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

நேற்று படம் அனுப்பியிருந்தான். அகலமான படகு, நீளத் தண்டு மோட்டார், அவன் முதலில் நினைத்ததில் பாதிக் குதிரைகள். படகுக்குள் ஓரமாக ஒரு நீளக் கழி.

ஊசுட்டேரி 2008 முதல் பறவைகள் சரணாலயம். இங்கே சிறுசேரி ஏரிக்கரையில் சாயங்காலம் நடக்கும்போது நாமக்கோழிகள் தென்பட்டால் நின்று எண்ணிப் பார்ப்பேன். எனக்கு அது போதும்.