சாவித்துளை

திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வேலை பார்க்கும் நண்பரின் மகள், துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பழகி வருகிறாள். மலிவான ஸ்கோப் எது என்று நண்பர் கேட்டிருந்தார். பட்டறைக் கூலியில் மிச்சம் பிடித்த பணம். எதையும் வாங்க வேண்டாமென்று பதில் எழுதினேன்.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்கில் வென்றதும் துளைக்குறியைக் கொண்டுதான். கண்ணருகே ஒரு சிறு துளை, குழல் முனையில் ஒரு வளையம். வளையத்தின் நடுவே இலக்கின் கரும்வட்டம் அமர வேண்டும். பத்துக்கான மையப்புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ.; குண்டின் விட்டமோ 4.5 மி.மீ. சாவித்துளைகளுக்கிடையே வளர்ந்த பெண்ணுக்கு இது எளிதில் பிடிபடும்.

மலிவு ஸ்கோப்புகள் பலவும் 100 கஜத் தொலைவுக்கு அமைக்கப்பட்டவை. 10 மீட்டரில் காட்சி மங்கும். கண் நகர்ந்தால் குறியும் நகரும். சுருள்வில் துப்பாக்கியோ முன்னும் பின்னும் உதைத்து அதன் உள்ளுறுப்புகளைக் குலைத்துவிடும். மலைக்கோட்டையை மொட்டைமாடியிலிருந்து பார்க்க வேண்டுமானால் உதவும் என்றேன். நண்பர் சிரிக்கவில்லை.

திறந்த குறியுடன் சுடும் பிரிவு தனியே உண்டு; துப்பாக்கியோடு வரும் குறியே தொடக்கத்துக்குப் போதும். அந்தப் பணத்துக்குக் குண்டுகள் வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு போட்டியின் தகுதிச் சுற்றுக்கே 60 தேவை.