திறக்காத மின்னஞ்சல்கள்

சட்டம் படித்துவிட்டு நான் சேர்ந்த முதல் வேலை, சென்னையில் உட்கார்ந்து அமெரிக்கர்களின் மின்னஞ்சல்களைப் படிப்பது. "அடுத்தவங்க லெட்டரைப் படிக்கவா சம்பளம் தர்றாங்க?" என்பாள் அம்மா.

அந்த ஊர் வழக்குகளில், விசாரணைக்கு முன்பே ஒரு தரப்பு கேட்கும் ஆவணங்களை மறுதரப்பு கொடுத்தாக வேண்டும். அதற்குப் பெயர் டிஸ்கவரி. கொடுப்பதற்கு முன், எது வழக்கோடு தொடர்புள்ளது, எது வக்கீலிடம் பேசிய ரகசியம் என்று பிரித்து வைப்பது எங்கள் வேலை.

ஓர் ஊடக நிறுவனத்தின் மீது அவதூறு வழக்கு. என் பங்குக்கு வந்தவை ஒரு நிருபரின் மின்னஞ்சல்கள். கட்டுரையின் வரைவுகள், எடிட்டரோடு சண்டை, மகளுக்குக் காய்ச்சல். நடுவில் ஒருவர், தன் பெயர் வெளியே வந்தால் வேலை போய்விடும் என்று எழுதியிருந்தார். கீழே அவர் பெயர். எதை டிக் செய்வதென்று தெரியாமல் எழுந்து டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் டீம் லீட், "யாரும் லாகின் பண்ணாதீங்கப்பா, ஸ்டே வந்துருச்சு" என்றார். வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோரும் மனு முடிவாகும்வரை டிஸ்கவரி நிறுத்திவைப்பு. எங்களுக்கு மணிக்கணக்கில்தான் சம்பளம். எரிச்சலாக வந்தது.

சும்மா இருந்த அந்த நாட்களில்தான் 'ஹெர்பர்ட் எதிர் லாண்டோ' வழக்கைப் படித்தேன். 1964-இல் சல்லிவன் வழக்கின் தீர்ப்பு பத்திரிகைகளுக்கு ஒரு கவசம் கொடுத்தது: பொய் என்று தெரிந்தோ, உண்மையைப் பற்றிக் கவலைப்படாமலோ வெளியிட்டார்கள் என்பதைப் பொது அதிகாரி நிரூபிக்க வேண்டும். ஆனால் தெரிந்தே எழுதினாரா என்று நிரூபிக்க, எழுதியவர் மனதுக்குள் போய்ப் பார்க்கத்தானே வேண்டும்? பார்க்கலாம் என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் சிபிஎஸ் தயாரிப்பாளர் லாண்டோவின் வாக்குமூலமே விட்டுவிட்டு ஒரு வருடத்துக்கு மேல் நடந்து, 26 தொகுதிகள், ஏறக்குறைய 3,000 பக்கங்கள் ஆகியிருந்தது. 1986-இல்தான் ஹெர்பர்ட்டின் வழக்கு தோற்றது. ஜெயித்தவர்களுக்கு அந்த வருடங்களை யார் திருப்பித் தருவார்?

கலிஃபோர்னியாவின் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்காகத்தான் வந்தது என்று தோன்றியது. பேச்சை முடக்கப் போட்ட வழக்கு இது என்று மனு கொடுத்ததும் டிஸ்கவரி நின்றுவிடும். தக்க காரணம் காட்டினால் மட்டும், குறிப்பிட்ட சிலவற்றை நீதிபதி அனுமதிக்கலாம்.

"அப்ப பொய் எழுதினவன் தப்பிச்சிருவானே? ஆதாரமே அவன் கம்ப்யூட்டர்லதான இருக்கு?" என்றான் கூட வேலை பார்த்த நண்பன். நியாயமான கேள்வி. முழுப் பதில் இன்றும் என்னிடம் இல்லை. ஆனால் வழக்குக்கு அடிப்படை இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டால், ஆவணங்களைப் பிறகும் கேட்டு வாங்கலாம். ஒருமுறை வெளியே போன பெயரை யாரும் திரும்ப வாங்க முடியாது.

சில வாரங்களில் வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். அந்த வழக்கு என்ன ஆனதென்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்டே வருவதற்கு முந்தின நாள் நான் படித்த அந்தப் பெயர் மட்டும் மறக்கவில்லை. அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.