ஏன் லேட், சின்னப்பொண்ணு?

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான் ஆசிரியை. சாக்பீஸ் பிடித்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் எனக்கு அறவே பிடிக்காத விஷயம் ஒன்று உண்டென்றால், அது பிள்ளைகள் லேட்டாக வருவதுதான். மணியடித்த பிறகு வந்தால் பத்து நிமிஷம் வாசலில் நிற்க வேண்டும். இது என் வகுப்பின் சட்டம்.

2023-ம் வருஷம் அந்தச் சட்டத்தில் அடிக்கடி மாட்டிக்கொண்டவள் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவள் நிஜப் பெயர் வேண்டாம். சின்னப்பொண்ணு என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் மூன்று நாளாவது ஒன்பதே காலுக்கு ஓடிவருவாள். பாவாடை ஒரு பக்கம் நனைந்திருக்கும். "ஏண்டி லேட்டு?" என்று கேட்டால் பதில் வராது. கால் கட்டை விரலால் தரையைக் கீறிக்கொண்டு நிற்பாள். திமிர் என்று நினைத்தேன்.

ஒரு புதன்கிழமை, கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. சின்னப்பொண்ணு மெல்ல எழுந்து, "கண்ணு இருட்டுது டீச்சர்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் சரிந்துவிட்டாள். படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்திப் பிடித்தோம். நல்ல வேளை, உடனே கண் விழித்துவிட்டாள். எழுந்து உட்கார்ந்ததும் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்தோம்.

"காலையில என்ன சாப்பிட்டே?"

"ஒண்ணும் சாப்பிடல டீச்சர்."

எனக்குச் சுருக்கென்றது. பள்ளியிலேயே காலை உணவு உண்டே! 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய திட்டம், 2023 ஆகஸ்டில் எங்களைப் போன்ற ஊர்ப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு, மணி அடிக்குமுன் சுடச்சுடப் பரிமாறுவார்கள். சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த எங்கள் ஊர்ப் பெண்கள்தான். அன்றைக்குப் பொங்கலும் சாம்பாரும். ஆனால் ஒன்பதே காலுக்கு வரும் பிள்ளைக்கு எங்கிருந்து பொங்கல்? பாத்திரமெல்லாம் அதற்குள் கழுவிக் கவிழ்த்தாகிவிடும். பசியோடு வந்தவளைத்தான் நான் வாசலில் பத்து நிமிஷம் நிற்க வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். லேட்டாக வருகிறவர்களின் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பது என் வழக்கம். எண்ணிப் பார்த்தேன். அந்த மாதத்துப் புள்ளிகள் அத்தனையும் பெண் பிள்ளைகளுடையவை. ஒரு பையனுக்குக்கூட இல்லை. தினமும் பார்க்கிற பதிவேடுதான். அதுவரை இது என் கண்ணில் படவே இல்லை.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், தெருக்குழாய்ப் பக்கம் நின்றேன். நீலமும் பச்சையும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் இருந்தன. ஏழே முக்காலுக்குத்தான் குழாயில் தண்ணீர் வந்தது. பெரியவர்கள் பாதிப்பேர் களையெடுக்கக் கிளம்பியாயிற்று. குடத்துக்குக் காவல் நின்றவை எல்லாம் பொட்டைப் பிள்ளைகள். சின்னப்பொண்ணுவின் முறை வர எட்டே கால் ஆயிற்று. மூன்று நடை நடந்தாள். இடுப்பில் தளும்பிய தண்ணீர் பாவாடையை நனைத்தது. அவளுடைய அண்ணன், எங்கள் பள்ளியிலேயே ஏழாம் வகுப்பு, கோயில் திண்ணையில் உட்கார்ந்து கோலி விளையாடிக்கொண்டிருந்தான்.

சகோதரிகளே, ஒரு கணக்குச் சொல்கிறேன். நாம் புழங்குகிற குடத்தில் சுமார் பதினைந்து லிட்டர் பிடிக்கும். அப்படியென்றால் பதினைந்து கிலோ. ஒன்பது வயசுப் பெண்ணின் எடையே இருபத்தைந்து கிலோ இருந்தால் அதிகம். அவள் எடையில் பாதிக்கு மேல், அதுவும் வெறும் வயிற்றோடு, ஒரே பக்க இடுப்பில், மூன்று நடை! முதுகு வலிக்குமா, தலை சுற்றுமா என்று டாக்டரிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை.

குழாயடியில் நின்றபோது எனக்கு என் அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது. 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தபோது நான் நாலாம் வகுப்பு. அலுமினியத் தட்டோடு வரிசையில் நின்று சாப்பிட்டுப் படித்தவள். அக்கா அப்போது ஆறாம் வகுப்பு. அந்த வருஷத்தோடு நின்றுவிட்டாள். "அவளுக்குப் படிப்பு ஏறலை" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஊர்க்கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்துவிட்டு, பாதிப் பாடத்தில் வந்து உட்காருகிறவளுக்குப் படிப்பு எப்படி ஏறும்? அவள் சுமந்ததால்தான் நான் சுமக்கவில்லை. அதனால்தான் நான் டீச்சர்.

தண்ணீர் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டரைப் பார்த்தேன். "ஏன் தம்பி, ஏழே முக்காலுக்குத்தான் திறக்கணும்னு ஏதாச்சும் உத்தரவா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "உத்தரவெல்லாம் இல்லீங்க டீச்சர். எப்பவோ யாரோ வெச்ச நேரம். ராத்திரியே மோட்டார் போட்டு டேங்கை நெரப்பிட்டா விடியக்காலம் ஆறு மணிக்கே விடலாம். இத்தனை நாளா யாரும் கேக்கலையே!"

யாரும் கேட்கவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தாய்மார்களிடம் இதைச் சொன்னேன். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. ஆனாலும் நம் பெண்கள் வந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அடுப்புல உலை கெடக்கு" என்று எழுந்துவிடுவார்கள். அன்று யாரும் எழவில்லை. அக்டோபர் 2 கிராம சபையில் பேசுவதென்று முடிவாயிற்று.

கிராம சபையில் நான் வாய் திறக்கவில்லை; கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சின்னப்பொண்ணுவின் அம்மாதான் எழுந்தாள். குரல் நடுங்கியது. "எங்க புள்ளைக பசியோட மயங்கி விழுவுதுக. தண்ணியைக் காலம்பற ஆறு மணிக்கு விடுங்க. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள். ஒரு பெரியவர், "பள்ளிக்கூடத்து விஷயத்தை எதுக்கு இங்க கொண்டாறீங்க?" என்று கேட்டார். "தண்ணி பள்ளிக்கூடத்து விஷயம் இல்லீங்களே மாமா" என்று பின்னாலிருந்து யாரோ ஒரு பெண் சொல்ல, கூட்டமே சிரித்துவிட்டது. தீர்மானம் எழுதியாயிற்று. அடுத்த வாரமே ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். பதிவேட்டில் பென்சில் புள்ளிகள் குறைந்தன. ஆனால் சின்னப்பொண்ணு மட்டும் மறுபடி இரண்டு நாள் லேட். தண்ணீர் சீக்கிரம் முடிந்துவிட்டதல்லவா? அந்த நேரத்துக்கு வாசல் பெருக்குவதும் பாத்திரம் துலக்குவதும் வந்து சேர்ந்துகொண்டன!

அம்மாவைக் கூப்பிட்டு, "அண்ணன்காரன் ஒரு குடம் எடுத்தா என்னம்மா?" என்றேன்.

"ஆம்பளைப் புள்ள டீச்சர். இடுப்புல குடம் வெச்சா ஊரே சிரிக்கும்."

"இடுப்புல எதுக்கு வைக்கணும்? சைக்கிள்ல கட்டிக்கிட்டு வரட்டுமே!"

அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். மறு வாரம் பையன் சைக்கிள் கேரியரின் இரண்டு பக்கமும் குடம் கட்டி, மணியடித்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். அவனுக்கு அது வேலையாகவே தெரியவில்லை. விளையாட்டாக இருந்தது. அவனைப் பார்த்து இன்னும் நாலு பையன்கள் சைக்கிளில் கயிறு கட்டிவிட்டார்கள்.

என் சட்டத்தையும் மாற்றிக்கொண்டேன். லேட்டாக வருகிற பிள்ளையை இப்போது நான் வாசலில் நிற்க வைப்பதில்லை. "சாப்பிட்டியா?" என்பதுதான் முதல் கேள்வி. ஏன் லேட் என்பது அப்புறம்.

இளம் தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். உங்கள் வீட்டில் தண்ணீர் சுமக்கிற வேலை இல்லாமல் இருக்கலாம். ஆனால் காலை நேரத்தில் தம்பியைக் கிளப்புவது, பால் வாங்கப் போவது, படுக்கை மடிப்பது என்று ஏதோ ஒன்று பெண் குழந்தையின் தலையில்தான் விழுகிறதா என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். வேலை பழக்குவது நல்லதுதான். இரண்டு பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். எந்த வேலையாக இருந்தாலும், வயிற்றுக்கு ஏதாவது போட்ட பிறகு சொல்லுங்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். முறுக்குப் பிழிந்துகொண்டே கேட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்க காலத்துலயும் ஒரு டீச்சர் கெணத்தடிக்கு வந்து பாத்திருக்கலாம்டி" என்றாள். சொல்லிவிட்டு முதல் ஈட்டு முறுக்கை எடுத்து என் தட்டில்தான் வைத்தாள்.