கட்டையில் நாடு, பூணில் ஆண்டு

டப்ளின் நகரத்துப் பழம்பொருள் கடைகளில் விவரம் தெரிந்த வாடிக்கையாளரை அடையாளம் காண்பது எளிது. கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் பழைய புகைக்குழாயை எடுத்ததும் அவர் கிண்ணத்தின் அழகை ரசிப்பதில்லை. சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, தண்டின் பக்கவாட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்கிறார். அவர் தேடுவது மூன்று சொற்களை: 'ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்.'

அந்தப் பெயரில் இன்று நாடு எதுவும் இல்லை. 1922ல் பிறந்து, 1937ல் பெயர் மாறிப்போன நாடு அது. அதனாலேயே அந்த மூன்று சொற்களுக்கு மதிப்பு. பைப்பின் வயதை அவை கிட்டத்தட்டச் சொல்லிவிடுகின்றன.

அயர்லாந்துக்குப் பெயர் வாங்கித் தந்த இந்தப் பைப்பை உருவாக்கியவர்கள் ஐரிஷ்காரர்கள் அல்ல என்பதுதான் வேடிக்கை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரிலிருந்து வந்த காப் சகோதரர்கள் டப்ளின் கிராஃப்டன் தெருவில் கடை விரித்தனர். இன்றைய லாட்வியா பகுதியிலிருந்து வந்த கைவினைஞர் சார்லஸ் பீட்டர்சன் அவர்களோடு சேர்ந்தார். புகையோடு வரும் ஈரம் வாய்க்கு ஏறாமல் உள்ளேயே தேங்கும்படி அவர் அமைத்த முறைக்கு 1890ல் காப்புரிமை கிடைத்தது. 'காப் அண்ட் பீட்டர்சன்' பைப் கடல் கடந்து விற்றது.

வெளிநாட்டுச் சந்தைக்குப் போகும் சரக்கு, தான் பிறந்த நாட்டைச் சொல்ல வேண்டும். இறக்குமதிப் பொருட்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890லேயே சட்டம் செய்திருந்தது. சொல்ல வேண்டிய பெயர்தான் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட். 1937ல் வந்த புதிய அரசியல் சட்டத்துக்குப் பிறகு 'எய்ரே'. 1949ல் குடியரசான காலத்தை ஒட்டி 'ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்து'. ஒரே கம்பெனி, முப்பது ஆண்டுகளுக்குள் மூன்று பெயர்கள். கம்பெனியின் லண்டன் தொழிற்சாலையில் செய்தவற்றில் 'மேட் இன் இங்கிலாந்து' என்றும் இருக்கும்.

ஆனால் கட்டை சொல்வதை அப்படியே நம்பிவிட முடியாது. அரசியல் சட்டம் ஒரே நாளில் அமலுக்கு வரலாம். தொழிற்சாலையின் எஃகு அச்சு அதே நாளில் மாறாது. பழைய அச்சும் புதிய அச்சும் சில காலம் சேர்ந்தே புழங்கும். துல்லியம் வேண்டுவோர் பார்வையைச் சற்று நகர்த்தி, தண்டின் முனையில் இருக்கும் வெள்ளிப் பூணைப் பார்க்க வேண்டும்.

நகைக்கடையில் 916 முத்திரையைத் தேடும் இந்தியர்களுக்கு இது புதிதல்ல. டப்ளின் பொற்கொல்லர் அமைப்புக்கு 1637லேயே அரச சாசனம் கிடைத்துவிட்டது. அதன் சோதனைக்கூடம் வெள்ளியை உரசிப் பார்த்து மூன்று முத்திரைகளை இடும். அமர்ந்திருக்கும் 'ஹைபர்னியா' என்ற பெண் உருவம் டப்ளினைக் குறிக்கும். கிரீடம் சூடிய யாழ், ஆயிரத்துக்கு 925 பங்கு சுத்த வெள்ளி என்பதற்கு உத்தரவாதம். மூன்றாவது, ஆண்டுதோறும் மாறும் ஓர் ஆங்கில எழுத்து. வரிசை தீர்ந்ததும் எழுத்தின் வடிவத்தையும் சுற்றியுள்ள கேடயத்தையும் மாற்றி மறுபடி தொடங்குவார்கள். இவற்றோடு 'கே அண்ட் பி' என்று தயாரிப்பாளர் முத்திரையும் இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. பிற்காலத்தில் யாராவது பூணை மாற்றியிருந்தால் ஒழிய!

இங்கேதான் ஒரு முரண். சுதந்திர அயர்லாந்து 1928ல் வெளியிட்ட நாணயங்களில் யாழ் உண்டு, கிரீடம் இல்லை. வெள்ளியின் முத்திரையிலோ கிரீடம் அப்படியே தொடர்ந்தது. கட்டையில் குடியரசு, அதன் பூணில் கிரீடம். ஆட்சி மாறினாலும் வியாபாரத்தின் நம்பிக்கைச் சின்னத்தில் கைவைக்க யாருக்கும் மனம் வரவில்லை போலும்.

ஏமாறவும் இடமுண்டு. மலிவான பைப்புகளின் நிக்கல் பூண்களில் கம்பெனி வேறு மூன்று சின்னங்களைப் பொறித்தது: ஷாம்ராக் இலை, ஓநாய் வேட்டை நாய், வட்டக் கோபுரம். மூன்றும் வரிசையாக இருப்பதால் பார்வைக்கு வெள்ளி முத்திரை போலவே தெரியும். அவை வெறும் அலங்காரம். விவரம் தெரியாதவர் வெள்ளி என்று விற்கிறார். விவரம் தெரியாத இன்னொருவர் வாங்குகிறார்.

2004ல் உலகிலேயே முதல் நாடாக, மதுக்கூடங்கள் உள்பட எல்லாப் பணியிடங்களிலும் புகைபிடிப்பதை அயர்லாந்து தடை செய்தது. 2018ல் பீட்டர்சன் பைப் தொழில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போனது. தாத்தாவின் பைப்பை இன்று பேரன் பற்றவைப்பதில்லை. விற்க எடுத்து வருகிறான். பளபளப்பாக இருந்தால் நல்ல விலை போகும் என்று மெருகுச் சக்கரத்தில் பிடிக்கிறான். மரத்தில் மயிரிழை ஆழமே பதிந்த எழுத்து எத்தனை தேய்ப்பைத் தாங்கும்? முதலில் ஓரம் மழுங்கும். பிறகு ஒரு சொல் போகும். கடைசியில் வழவழப்பான, ஊர் பேர் தெரியாத கட்டை மிஞ்சும்.

அனுபவசாலிகள் அதனால்தான் ஒரு வேலையை முதலில் செய்கிறார்கள். மெருகு போடுமுன் எழுத்துகளின் மேல் ஒரு துண்டு ஒட்டுத்தாளை ஒட்டிவிடுகிறார்கள். அந்த இடம் மட்டும் மங்கலாகவே இருக்கும். பதினைந்தே ஆண்டுகள் இருந்த ஒரு நாட்டின் பெயர் அந்த மங்கலில்தான் பிழைத்துக் கிடக்கிறது.