சாவி கூரியரில் வராது

வீடியோ காலில் மகனுக்குப் பின்னால் தெரிந்த சுவர் அடிக்கடி மாறியது. ஒருநாள் நீலச் சுவர், இன்னொரு நாள் போஸ்டர் ஒட்டிய சுவர், அடுத்த வாரம் புத்தக அலமாரி. “ரூம் நல்லா இருக்குதும்மா” என்றுதான் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். பாலக்கோட்டில் இருந்த அம்மா மூன்றாவது வாரம் கேட்டேவிட்டார், “எந்த ரூம்டா கண்ணு?” பையன் உடைந்துபோனான்.

மேற்படிப்புக்காக ஜெர்மனியின் மியூனிக் நகருக்குக் கிளம்பும் முன்பே, இணையத்தில் ஓர் அறை பார்த்திருந்தான். மாத வாடகை 450 யூரோ. அந்த நாட்டிலேயே வாடகைக்குப் பேர்போன ஊர் மியூனிக். அவ்வளவு மலிவாக, அவ்வளவு அழகான அறை என்றதுமே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ‘வேலையாக லண்டனில் இருக்கிறேன். இரண்டு மாத வாடகையை அனுப்புங்கள், சாவி கூரியரில் வரும்’ என்று பதில் வந்தது. 900 யூரோ போனது. சாவி வரவில்லை. நேரில் போனால், அந்த முகவரியில் வேறொரு குடும்பம் பல வருடமாகக் குடியிருக்கிறது. போலீஸில் புகார் கொடுத்தும் பணம் திரும்பவில்லை. அது அம்மாவின் வளையலை அடகு வைத்த பணம். அதைச் சொல்ல வாய் வராமல்தான், நண்பர்களின் அறைகளில் மாறி மாறித் தரையில் படுத்துக்கொண்டிருந்தான்.

தர்மபுரிக்காரர்களுக்கு வாடகை வீடு என்றால் பெங்களூருதான். அங்கே பத்து மாத அட்வான்ஸ் கேட்டாலும் கொடுத்துப் பழகியவர்கள், வெளிநாட்டில் இரண்டு மாதம்தானே என்று நினைத்துவிடுகிறார்கள். ஜெர்மனியில் அட்வான்ஸுக்குச் சட்டமே இருக்கிறது. மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். முதல் தவணையே குடியேறும்போதுதான். பையனுக்கு இது தெரிந்தது பணம் போன பிறகு.

விளம்பரத்தில் போடும் வாடகையிலும் இரண்டு வகை. ‘கால்ட்மீட்ட’ என்றால் குளிர் வாடகை, வெறும் வீட்டுக்கு மட்டும். ‘வார்ம்மீட்ட’ என்றால் சூடான வாடகை. ஹீட்டர், தண்ணீர், குப்பைச் செலவெல்லாம் சேர்ந்தது. அப்போதும் கரண்ட் பில் பெரும்பாலும் தனி.

இன்னொன்று முக்கியம். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் தேவை. ‘பதிவெல்லாம் வேண்டாம், வாடகையைக் குறைச்சுக்கிறேன்’ என்பவரிடம் போகவே கூடாது. வரி எண்கூட அந்த முகவரிக்குத்தான் தபாலில் வரும். மாணவர்களுக்கு ‘ஸ்டூடியரண்டன்வெர்க்’ நடத்தும் விடுதிகள் உண்டு. காத்திருப்போர் வரிசை நீளம் என்பதால், அட்மிஷன் வந்த அன்றே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

கடைசியில் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு வீடு கிடைத்தது. அங்கே களி கிண்டியதில் புதுப் பிரச்னை. குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடியே வைத்ததில், சமையல் ஆவி சுவரில் கறுப்புப் பூஞ்சையாகப் படிந்தது. காலி செய்யும்போது அட்வான்ஸில் கழித்துவிடுவார்கள் என்று கூட இருந்தவர்கள் சொன்ன பிறகு, எவ்வளவு குளிரானாலும் தினமும் இரண்டு தடவை ஜன்னலை முழுசாகத் திறந்துவிடுகிறான். இரவு பத்து மணிக்கு மேல் மிக்ஸி போடுவதில்லை. கீழ்வீட்டுப் பாட்டி ஒருமுறை கதவைத் தட்டியதே போதும்.

இப்போது சுற்றுவட்டாரத்தில் யார் வெளிநாடு கிளம்பினாலும் அம்மாவின் முதல் கேள்வி, “காசு அனுப்பிட்டியா?” என்பதுதான். பென்னாகரத்துப் பெண் ஒருத்திக்கு அதே நகரில் இடம் கிடைத்தபோதும் கேட்டார்.

“இன்னும் இல்லைங்க அத்தை.”

“அனுப்பாத சாமி. எம்பையன் போய்ப் பாத்துட்டு வரட்டும்.”

போனவன் வீடியோவில் காட்டினான். வீடு நிஜமாகவே இருந்தது. ஆனால் அடுப்பு இல்லை, சிங்க் இல்லை, விளக்கு இருந்த இடத்தில் வெறும் ஒயர் தொங்கியது. அந்த ஊரில் காலி செய்பவர்கள் பல சமயம் சமையலறையையே கழற்றி எடுத்துப் போய்விடுவார்களாம்.

“அடுப்பே இல்லாத ஊட்டுக்கா இவ்வளவு வாடகை? வேற பாருடா” என்றார் அம்மா.