ஐந்து நிமிடத்தில் எத்தனை சுற்று

பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்த ஆண்டுகளில் எண்களை வாசிக்கப் பழகிக்கொண்டவன் நான். பந்துவீச்சுப் பெறுபேற்றையோ மரதன் ஓட்ட நேரத்தையோ பார்த்த மாத்திரத்தில் போட்டி எவ்வாறு நடந்திருக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். ஆனால் 2023 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், இங்கிலாந்தில் வசிக்கும் என் தங்கையின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டப்பட்டிருந்த துண்டுக் காகிதத்தின் "17 – 311.6" என்ற எண்கள் எனக்கு எதையும் சொல்லவில்லை.

"அது என்ரை முதல் ஓட்டம், மாமா" என்றான் மருமகன்.

ஓட்டம் ஐந்து நிமிடம். அந்த நேரத்துக்குள் எத்தனை சுற்று என்பதே கணக்கு. ஐந்து நிமிடம் முடியும்போது ஓடிக்கொண்டிருக்கும் சுற்றை நிறைவு செய்ய அனுமதிப்பார்கள். சுற்றுகள் சமனாக இருந்தால் குறைந்த விநாடிகள் எடுத்தவர் முன்னால். ஆக, அவனுடைய கார் 17 சுற்றுகளை 311.6 விநாடிகளில் முடித்திருந்தது. அதே ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் 26 சுற்றுகள் ஓடியிருந்தார். ஐந்து நிமிடத்துக்குள் அவர் இவனை ஒன்பது தடவை கடந்து போயிருக்கிறார் என்று பொருள். பன்னிரண்டு வயதுப் பையன் அந்தக் காகிதத்தைக் கிழித்தெறியாமல் வீட்டில் ஒட்டிவைத்திருந்தது என்னை யோசிக்கவைத்தது.

வானொலி அலையால் இயக்கப்படும் சிறிய கார்களின் ஓட்டப் போட்டியைப் பற்றியே சொல்கிறேன். உண்மையான காரின் பத்தில் ஒரு பங்கு அளவுள்ளவை. நம்மவர்களில் பலர் இதைப் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்கும் விளையாட்டுச் சாமான் என்றே கருதக்கூடும். ஆனால் அமெரிக்காவில் இதற்கான அமைப்பு 1967 இலேயே தோன்றிவிட்டது. யப்பானின் தமியா நிறுவனம் 1976 இல் தனது முதலாவது வானொலிக் காரான போர்ஷ 934 ஐ வெளியிட்டதோடு இந்தப் பொழுதுபோக்கு சாதாரண வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. உலகச் சம்பியன் போட்டிகளும் உண்டு. 1987 இல் இங்கிலாந்தின் ரொம்சி நகரில் தனது முதலாவது உலகப் பட்டத்தை வென்ற மசாமி ஹிரோசாக்கா என்ற யப்பானியர் பின்னர் மொத்தம் 14 பட்டங்களைப் பெற்றார். அத்தகையவர்கள் வாழும் உலகத்தின் மறுமுனையில்தான், வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு பாடசாலை மண்டபத்தில் சாம்பல் நிறக் கம்பளத்தை விரித்து, பிளாஸ்ரிக் குழாய்களால் பாதை அமைத்து ஓடும் இந்தச் சிறு கழகம் இருக்கிறது.

நான் அங்கு தங்கியிருந்த ஆறு வாரங்களில் ஐந்து வெள்ளிக்கிழமைகள் அந்த மண்டபத்துக்குப் போனேன். மைத்துனர் அழைத்துச் சென்றார். ஒரு மூலையில் பற்றரிகளைத் தீப்பிடிக்காத பைகளில் வைத்து மின்னேற்றுவார்கள். அவரும் நானும் ஒரே ஊரவர்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பற்றரி கண்ணில் படாத யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள். "மச்சான், இந்த ஒரு மேசையில இருக்கிற பற்றரி அண்டைக்கு எங்கடை ஊருக்கே காணும்" என்று அவர் மெதுவாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் எங்களுடைய சிரிப்பின் காரணத்தைக் கேட்டார். விளங்கப்படுத்த முடியவில்லை.

இனி விடயத்துக்கு வருகிறேன். போட்டியாளர்கள் ஓர் உயரமான மேடையில் வரிசையாக நின்று, கீழே ஓடும் தங்கள் கார்களை ஓட்டுகிறார்கள். உண்மையான காரில் சாரதி உள்ளே இருக்கிறார். அவருடைய இடது எப்போதும் இடதுதான். இங்கோ கார் மேடையை விட்டு விலகி ஓடும்போது இடது இடதாக இருக்கிறது, மேடையை நோக்கித் திரும்பியதும் அதுவே வலதாகிவிடுகிறது. "கார் என்னை நோக்கி வரேக்க மூளை மாறிப்போகுது, மாமா" என்று மருமகன் சொன்னதில் இந்த விளையாட்டின் முழுச் சிரமமும் அடங்கியிருக்கிறது. பழகியவருக்கு அந்த மாற்றம் நடப்பதே தெரியாது. புதியவர் ஒவ்வொரு வளைவிலும் கணநேரம் யோசிக்கிறார். அந்தக் கணத்தில் கார் குழாயில் மோதிக் கவிழ்ந்துவிடுகிறது. கவிழ்ந்த காரை அவர் இறங்கி வந்து நிமிர்த்த முடியாது. முந்தைய ஓட்டத்தில் ஓடியவர்கள் வளைவுகளில் காவல் நின்று தூக்கிவிடுவார்கள். இது ஒவ்வொருவரின் கடமை. தனது ஓட்டம் முடிந்ததும் நழுவிவிடுபவருக்கு அங்கு நல்ல பெயர் கிடையாது.

புதியவரையும் தேர்ந்தவரையும் ஒரே ஓட்டத்தில் விட்டால் என்ன நடக்கும்? தோற்பது புதியவரை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. பின்னால் ஒரு கார் வருகிறது என்ற அச்சமே அவரைக் கெடுக்கிறது. வழிவிட வேண்டும் என்ற மரியாதையில் அவர் திடீரென ஒதுங்குகிறார், வேகமாக வந்தவர் அதே பக்கத்தால் முந்த எத்தனிக்கிறார், இரண்டும் மோதுகின்றன. "உன் பாதையிலேயே போ, கடப்பவன் வழி பார்த்துக்கொள்வான்" என்பதே புதியவர்களுக்குச் சொல்லப்படும் முதற் பாடம். சொல்வது இலகு. ஒன்பது தடவை கடக்கப்படும் பையனுக்கு ஐந்து நிமிடமும் இதே பயம்தான். ஓட்டப் பழக நேரமில்லை. தேர்ந்தவருக்கும் சினம். முதல் மாதத்திலேயே பலர் வராமல் விட்டுவிடுவது இதனால்தான் என்றார் கழகத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற ஒரு தபால் ஊழியர்.

பிரிப்பதற்கு இலகுவானதாகத் தெரியும் வழி, காரைக் கொண்டு பிரிப்பது. மோட்டாரில் சுற்றப்பட்டிருக்கும் கம்பியின் சுற்று எண்ணிக்கை கூடக்கூட வேகம் குறையும். பழைய தூரிகை மோட்டார்களின் காலத்தில் 27 சுற்றுக் கம்பியுள்ள மோட்டார், திறக்க முடியாதவாறு மூடப்பட்டு, மலிவு விலைக்கு, எல்லோருக்கும் ஒன்றுபோல என்று ஒரு வகுப்பை அமெரிக்கர்கள் வைத்திருந்தார்கள். நோக்கம் நல்லது. நடந்தது வேறு. ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு மோட்டார்கள் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை என்பதைக் கண்டுகொண்ட கெட்டிக்காரர்கள் பல மோட்டார்களை வாங்கிச் சோதித்து நல்லதைத் தெரிந்தெடுத்தார்கள். பின்னர் மோட்டாரைத் திறந்து பழுதுபார்க்க அனுமதி வந்தபோது, உள்ளிருக்கும் செப்பு உருளையை மெருகிடுவதற்கென்றே சிறிய கடைசல் இயந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. பற்றரிக் கலங்களையும் அளந்து, ஒத்தவற்றைச் சோடி சேர்த்து, அதிக விலைக்கு விற்றார்கள். புதியவர்களுக்கெனத் திறக்கப்பட்ட வகுப்பு இவ்வாறு தேர்ந்தவர்களின் களமாக மாறியது.

இப்போது தூரிகையில்லாத மோட்டார்களின் காலம். 17.5 சுற்று, 21.5 சுற்று என்று வகுப்புகள் உள்ளன. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மோட்டாருக்கு இரகசியமாக உதவி செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காக, உதவி நிறுத்தப்பட்ட நிலையில் அதன் சிறுவிளக்கு விட்டுவிட்டு மின்ன வேண்டும் என்றொரு விதியும் உண்டு. மேற்பார்வையாளர் குனிந்து விளக்கு மின்னுகிறதா என்று பார்க்கிறார். நல்ல விதிதான். ஆனால் விளக்கு எவ்வளவு ஒழுங்காக மின்னினாலும், இருபது வருடம் ஓட்டியவரின் கைவிரல் புதியவரின் கைவிரல் ஆகிவிடாது. மெதுவான காரைத் தேர்ந்தவரிடம் கொடுத்துப் பாருங்கள். வேகமான காரோடு வந்த புதியவரை அவர் இலகுவாக வெல்வார். இதை என் கண்ணாலேயே கண்டேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை வேடிக்கைக்காகச் செயலாளர் மருமகனின் சாதாரண தமியா காரை வாங்கி ஓட்டினார். அவன் அதுவரை ஓடியதைவிட நான்கு சுற்றுகள் அதிகம்.

எனவே ஆளைக் கொண்டு பிரிப்பதே சரி. அமெரிக்கக் கழகங்கள் பலவற்றில் தொடக்கநிலையினர், இடைநிலையினர், தேர்ந்தோர் என்று பிரிவுகள் உண்டு. ஆனால் இதில் எண்ணிக்கைச் சிக்கல் இருக்கிறது. நான் போன மாலைகளில் முப்பது பேருக்குச் சற்று அதிகமாகவே வந்திருந்தார்கள். கார் வகை மூன்று, ஆட்தரம் மூன்று என்று பிரித்தால் ஓர் ஓட்டத்துக்கு மூன்று நான்கு பேர்தான் தேறுவார்கள். அது போட்டியே அல்ல. பெரிய நகரத்துக்குப் பொருந்தும் விதியைச் சிறிய கழகம் பிரதிசெய்தால் கிடைப்பது வெறும் கம்பளந்தான்.

இன்னொரு வழி, பெறுபேறே ஆட்களைப் பிரிக்கட்டும் என்று விடுவது. தகுதிச் சுற்றுகள் இரண்டோ மூன்றோ நடத்தி, முதற் பத்துப் பேர் ஏ இறுதிக்கு, அடுத்த பத்துப் பேர் பி இறுதிக்கு, மற்றவர்கள் சி இறுதிக்கு. தகுதிச் சுற்றுக்களையும் முன்னைய வாரப் பெறுபேற்றின்படி அடுக்கிவிட்டால் ஒவ்வொருவரும் தன் கையொத்தவர்களோடு ஓடுவார். யாரையும் "நீ தொடக்கநிலை" என்று பெயர் சொல்லி அழைக்கத் தேவையில்லை. சி இறுதியில் வெல்வதும் ஒரு வெற்றிதான். எனக்கு மிகவும் பிடித்தது இந்த முறையே. ஆனால் முதல் மாதத்தில் வருபவருக்கு இதுவும் போதாது. இடது வலது பழகும்வரையாவது அவருக்குத் தனி ஓட்டம் தேவை.

மருமகனின் கழகம் அந்த முதல் அனுபவங்களுக்குப் பின்னர் தொடக்கநிலைப் பிரிவொன்றை ஆரம்பித்தது. எட்டுப் பேர் சேர்ந்தார்கள். பையன் 17 இலிருந்து 20 சுற்றுக்கு ஏறினான். அதன்பின் நின்றுவிட்டான். வாராவாரம் இரண்டாமிடம். முதலாமிடம் நாற்பது வயது கடந்த ஒருவருக்கு. அவர் முன்னர் வேறொரு நகரத்தில் பல வருடம் ஓட்டியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். கார் மட்டும் புதிது. "புதிதாகத்தானே சேர்ந்திருக்கிறேன்" என்பது அவருடைய வாதம். நம்மூர்க் கரப்பந்தாட்டச் சுற்றுப் போட்டிகளில் வெளியூர் ஆட்டக்காரரை உறவினர் என்று சொல்லி இறக்கும் கழகங்களைக் கண்டவனாதலால் எனக்கு அவர்மீது பெரிய ஆச்சரியம் ஏற்படவில்லை. மைத்துனருக்கோ கடுங்கோபம். "பிள்ளையின்ரை கப்பைப் பறிக்கிறதுக்கெண்டே வாறார். இனிக் காசு கட்டிறேல்லை" என்று காருக்குள் உரத்துச் சொன்னார். பையன் பின்னிருக்கையில் பேசாமல் இருந்தான். வீட்டை அடையும்வரை ஒருவரும் பேசவில்லை.

நான்காவது வெள்ளிக்கிழமை ஓட்டங்கள் முடிந்து, வழக்கம்போல எல்லோருமாகக் கம்பளத்தைச் சுருட்டிய பின்னர் கழகக் கூட்டம் நடந்தது. மூன்று தடவை வென்றவர் மேற்பிரிவுக்குப் போகவேண்டும் என்ற யோசனை வந்தது. ஒருவர் எதிர்த்தார்: தொடர்ந்து இரண்டாம் இடத்துக்கு வருவதுபோல் நடித்து எத்தனை வருடமும் இருக்கலாமே? நியாயமான கேள்வி. வெற்றியை எண்ணாமல் நேரத்தை அளக்கலாம் என்று செயலாளர் சொன்னார். பாதைக்குக் கீழ் புதைந்த கம்பி ஒவ்வொரு காரிலுள்ள சிறு கருவியையும் அடையாளங்கண்டு சுற்றுநேரத்தைக் கணினியில் பதிகிறது. ஏ இறுதியில் வென்றவரின் சுற்று எண்ணிக்கையில் ஐந்தில் நான்கு பங்கை எட்டியவர் எவரும் மேலே போகவேண்டும் என்று முடிவாயிற்று. மேசையில் யாரோ கணக்குப் போட்டார்கள். 26 இல் ஐந்தில் நான்கு 20.8, ஆக 21 சுற்று.

அந்த மனிதர் அன்று 22 ஓடியிருந்தார். எழுந்து தன் பெட்டியை மூடிக்கொண்டு போனார்.

மருமகன் 20. இன்னும் கீழேயே இருக்கலாம். முதலாமிடம் இனி அவனுக்குத்தான். தங்கைக்கும் அதுவே விருப்பம். ஒரு கோப்பையாவது பிள்ளை வாங்கட்டுமே என்றாள். அவன் மறுநாட் காலை பாண் தின்றுகொண்டே, தானும் மேலே போகப்போவதாகச் சொன்னான். ஏன் என்று கேட்டேன். கீழே இனி முன்னால் ஓடும் கார் இருக்காது, எந்த இடத்தில் எவ்வளவு தாமதமாக வேகத்தைக் குறைப்பது என்பதை யாரைப் பார்த்துப் பழகுவது என்று கேட்டான். அந்த மனிதரின் பின்னால் இரண்டு மாதம் ஓடியதில்தான் மூன்று சுற்றுகளைச் சேர்த்ததாகவும் சொன்னான். மைத்துனர் தேநீரைக் குடித்தபடி ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை அவன் சி இறுதியில் கடைசியாக வந்தான். 21 சுற்று. அடுத்த செவ்வாய் நான் கொழும்புக்குத் திரும்பிவிட்டேன்.

அந்த மனிதர் சில வாரங்கள் வராமலிருந்து, பின்னர் வந்தாராம். இப்போது இருவரும் பெரும்பாலும் பி இறுதியில் ஓடுகிறார்கள். எந்த இரப்பர் ரயர் குளிர்ந்த மண்டபத்தில் நன்றாகப் பிடிக்கும் என்று பையன் அவரிடமே கேட்கிறான், அவரும் சொல்லிக்கொடுக்கிறார் என்று மைத்துனர் தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டார்.