இரண்டு வளையலும் ஒரு பிரேக்கும்

சகோதரிகளே, 'என்ஜின்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! இது ஓர் என்ஜினைப் பற்றிய விஷயந்தான். ஆனால் நடுவில் என் தாயாரின் இரண்டு தங்க வளையல்களும் வருகின்றன. வளையல் என்றால் சற்று நிற்பீர்கள் அல்லவா?

1999-ம் வருஷம். நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக் கொண்டிருந்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் என் தகப்பனாருக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருந்தது. 1964-ல் பேட்டை பிறந்த கொஞ்ச காலத்துக்கெல்லாம் தாத்தா போட்ட பட்டறை. அதோடு தாத்தா விட்டுப் போன இன்னொரு சொத்து, 1950-களில் வந்த ஒரு டாட்ஜ் பிக்கப் வண்டி. முன்னால் உருண்டை மூக்கு. பின்னால் திறந்த தட்டு. அதில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் அப்பா போய் வருவார்.

நல்ல வண்டிதான். ஆனால் மொடாக்குடி! ஆறு சிலிண்டர், 3.6 லிட்டர் பெட்ரோல் என்ஜின். "இது ஓடுற வண்டி இல்லே, உறிஞ்சுற வண்டி" என்பாள் அம்மா.

அப்பாவுக்கு ஒரு யோசனை உதித்தது. பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரிய டீசல் என்ஜின் ஒன்றை அங்கே உட்கார வைத்தால் என்ன? டீசல் விலை அப்போது பெட்ரோலைவிட வெகு மலிவு.

இது அப்பா கண்டுபிடித்த வித்தை அல்ல. இங்கிலாந்தில், பீட்டர்பரோ என்ற ஊரில், பிராங்க் பெர்கின்ஸ் என்பவர் 1932-ல் டீசல் என்ஜின் கம்பெனி தொடங்கினார். 1937-ல் 'பி6' என்ற ஆறு சிலிண்டர் என்ஜினை வெளியிட்டார். பெட்ரோல் லாரிகளின் வயிற்றைக் கீறி இந்த என்ஜினை வைப்பது பல தேசங்களிலும் வழக்கமாயிற்று. 1950-களில் நம் சென்னை சிம்சன் கம்பெனியே பெர்கின்ஸ் என்ஜின்களைத் தயாரிக்கத் தொடங்கியது. ஆமாம், 1840-ல் குதிரை வண்டி கட்டப் புறப்பட்ட அதே சிம்சன்தான்! இந்த வம்சத்தில் பி3, பி4, பி6 என்று மூன்று பேர். சிலிண்டரின் அளவு மூன்றிலும் ஒன்றே, எண்ணிக்கைதான் வேறு. இட்லித் தட்டில் குழி ஒரே அளவு, எத்தனை குழி என்பதுதானே பேச்சு?

புதுப்பேட்டையில், உடைத்த லாரியிலிருந்து எடுத்த பி6 ஒன்று அகப்பட்டது. 4.7 லிட்டர். விலை கேட்டு வந்த அப்பா நேரே அடுக்களைக்கு வந்தார். அவர் பார்வை அம்மாவின் கைகளில் பதிந்தது.

"நாலே மாசம். மீட்டுக் குடுத்துடறேன்."

"என்னங்க, இது எங்கம்மா போட்டது. இவளுக்குன்னு வச்சிருக்கேன். என்ஜினுக்கெல்லாம் வளையல் கிடையாது" என்றாள் அம்மா. அப்பா வட்டிக்கு வாங்கினார்.

பெட்ரோல் என்ஜினும் டீசல் என்ஜினும் ஓரகத்திகள் மாதிரி. உறவு ஒன்று, சமையல் வேறு. பழைய பெட்ரோல் என்ஜின், காற்றையும் பெட்ரோலையும் கலந்து ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக நசுக்கி, தீப்பொறியால் கொளுத்தும். டீசலுக்குத் தீப்பொறி வேண்டாம். வெறும் காற்றைப் பதினாறில் ஒரு பங்குக்கு நசுக்கும். காற்று தகதகவென்று சூடேறும். அதில் எண்ணெயைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டுமே! ஆகையால் உடம்பும் கனம்.

பட்டறையில் ஒரு மாதம் அமர்க்களம். சட்டத்தில் புதிய தாங்கிகளை வெல்டிங் செய்தார்கள். என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் துளை பொருந்தவில்லை. நடுவில் வைக்க ஒரு தடித்த இரும்புத் தட்டை அப்பாவே கடைந்தார். ரேடியேட்டர் பெரிதாயிற்று. 6 வோல்ட் பாட்டரி போய் 12 வோல்ட் வந்தது. மூக்கு தாழாதிருக்க, முன் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டைகள் கூட்டினார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கி, புத்தகத்தில் புது என்ஜின் நம்பரையும் ஏற்றியாயிற்று.

பக்கத்து வீட்டு மாமா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1965-ல் விஜயந்தா டாங்கி வெளிவந்த இடம் அது. அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எல்லாம் சரி தம்பி. பிரேக்கு?" என்றார்.

"பழசே போதும் அண்ணே."

மாமா ஒன்றும் பேசவில்லை.

பெரிய என்ஜின் போட்டால் வேகம் கூடும் என்றுதானே நினைப்பீர்கள்? குறைந்தது! பழைய என்ஜின் நிமிஷத்துக்கு 3600 சுற்று வரை போகும். பி6-க்கு 2400-தான் உச்சம். ஆனால் இழுவையைச் சொல்லுங்கள்! எத்தனை ஏற்றினாலும் முனகாமல் புறப்பட்டது. அப்பா பாரத்தை இரட்டிப்பாக்கினார்.

ஒரு சனிக்கிழமை, நானும் வண்டியில் இருந்தேன். பூந்தமல்லியிலிருந்து ஆவடிச் சாலை. பின்னால் தட்டு நிறைய வார்ப்பு இரும்பு. பருத்திப்பட்டுக்குப் பக்கத்தில் ஓர் எருமை, சாவதானமாகச் சாலையின் குறுக்கே நடந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. மறுபடி எழுந்து நின்று மிதித்தார். அப்படியும் நிற்கவில்லை. அவர் முகம் வெளுத்ததை அன்றுதான் முதன் முதலாகப் பார்த்தேன். ஒரு கையால் என்னை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்டியரிங்கை ஒடித்தார். வீடு கட்டக் கொட்டியிருந்த ஒரு மணல் குவியல் எங்களை ஏற்றுக்கொண்டது. எருமை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!

என் நெற்றியில் ஒரு புடைப்பு; அவ்வளவுதான். அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அம்மா சத்தம் போடுவாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் வந்து, இரண்டு வளையல்களையும் கழற்றி அவர் மடியில் வைத்தாள்.

"என்ஜினுக்குக் கேட்டீங்க, தரலே. இது பிரேக்குக்கு" என்றாள்.

அந்தப் பணத்தில், பெரிய லாரி ஒன்றின் அச்சுகளும் அகன்ற பிரேக் டிரம்களும் வந்தன. பாரமும் பழைய அளவுக்கு இறங்கியது. அப்புறம் ஏழு வருஷம் வண்டி ஒழுங்காக ஓடியது. 'நாலே மாசம்' என்ற வளையல்கள் ஒன்றரை வருஷம் கழித்து மீண்டன.

இன்று இப்படி நினைத்தபடி என்ஜின் மாற்ற முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு 2000-ல் திருத்தி இறுக்கப்பட்டது. தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதைப் படித்தபோது எனக்கு எருமையின் ஞாபகம் வந்தது.

சென்ற மாதம் என் கணவர், இப்போதிருக்கும் வீட்டைப்போல் இரண்டு மடங்கு பெரிய வீட்டுக்கு, இருபது வருஷக் கடனுக்கு விண்ணப்பத் தாளோடு வந்தார். எத்தனை அறை, எத்தனை ஜன்னல் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் என் கையிலிருந்த வளையல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"எல்லாம் சரிங்க. பிரேக்கு?" என்று கேட்டேன்.